பிளஸ் டூ வகுப்பில் படிவம் ஆறு

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல் நாள். கொரோனா காலம் என்பதால் வாக்குச்சாவடி வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி, சானிடைசர், வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் கையுறை என்று புதிதாக நிறைய ஏற்பாடுகள். நான் அன்றைக்கு முதல் வாக்குப்பதிவு அலுவலர். வருகிறவரின் பெயரைப் பட்டியலில் தேடி, வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாக வாசிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுகள் தங்கள் கையில் உள்ள பட்டியலில் குறித்துக்கொள்வார்கள்.

பதினொரு மணி வாக்கில் ஒரு பையன் தன் ஆச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். ஆச்சி ஓட்டுப் போட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றார். பையன் என் மேஜைக்கு வந்து ஆதார் அட்டையை நீட்டி, "எனக்கும் பாருங்க மேடம்" என்றான். பிறந்த தேதி 12-01-2003. பதினெட்டு முடிந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. ஆனால் அவன் பெயர் பட்டியலில் இல்லை, இருக்கவும் வழியில்லை. அந்த வருடப் பட்டியலுக்குத் தகுதி நாள் ஜனவரி 1. அன்றைக்கு அவனுக்குப் பதினெட்டு ஆக இன்னும் பதினோரு நாள் பாக்கி.

"பதினெட்டு ஆயிருச்சே மேடம்" என்று இரண்டு தடவை சொன்னான். நான் விளக்கினேன். பின்னால் வரிசை நின்றது, ஏஜெண்டுகள் அவசரப்படுத்தினார்கள். வாசலில் அவனுக்கும் ஒரு கையுறை கொடுத்திருந்தார்கள். அதைக் கழற்றி மடித்து, எங்கே போடுவதென்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு போனான்.

அந்தப் பையனை அப்புறம் நான் பார்க்கவில்லை. ஆனால் அவன் அடுத்து எப்போது ஓட்டுப் போட்டிருப்பான் என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதே 2021 அக்டோபரில் எங்கள் தென்காசி உட்பட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்கும் அடிப்படை அதே ஜனவரி 1 பட்டியல்தான். 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தல் நகரங்களுக்கும் பேரூராட்சிகளுக்கும். அவன் ஊர் ஊராட்சி. ஆக அவன் விரலில் முதல் மை பட்டிருந்தால் அது 2024 ஏப்ரல் 19-இல், நாடாளுமன்றத் தேர்தலில்தான். அப்போது அவனுக்கு வயது 21. இந்த நாட்டில் 1989 மார்ச் 28 வரைக்கும் வாக்களிக்கும் வயது இருபத்தொன்றுதான். 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்துதான் பதினெட்டு ஆனது. சட்டம் மாறி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும், பதினோரு நாள் வித்தியாசத்தில் ஒரு பையன் பழைய சட்டத்துக்கே திரும்பப் போய்விட்டான்.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பள்ளியில் வாக்காளர் விழிப்புணர்வு மன்றமும் என் பொறுப்பு. அந்தத் தேர்தலுக்கு முன்னாலும் நான்தான் பொறுப்பு. ஜனவரி 25 வந்தால் தேசிய வாக்காளர் தினம். 1950-இல் அதே தேதியில் தேர்தல் ஆணையம் தொடங்கப்பட்டதை நினைவு வைத்து 2011 முதல் கொண்டாடுகிறார்கள். காலை வழிபாட்டில் எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுப்போம். கோலப் போட்டி, வாசகப் போட்டி, ஊருக்குள் ஒரு பேரணி. போட்டோ எடுத்து அனுப்பினால் அந்த வருட வேலை முடிந்தது. ஒரு வருடம் உறுதிமொழி முடிந்த கையோடு, "இதில் யார் யார் பெயர் சேர்க்க மனு கொடுத்திருக்கிறீர்கள்?" என்று பிளஸ் டூ பிள்ளைகளைக் கேட்டேன். நான்கு கைகள் உயர்ந்தன. அதில் இரண்டு பேர், அண்ணன் கொடுத்தபோது சேர்த்துக் கொடுத்தவர்கள்.

பிள்ளைகள்மேல் தப்பில்லை. பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கு உள்ளது படிவம் 6. யாரும் அவர்கள் கையில் அதைக் கொடுக்கவில்லை. என் கதையும் அதுதான். 1999-இல் எனக்குப் பதினெட்டு. 2001 சட்டமன்றத் தேர்தலில் நான் ஓட்டுப் போடவில்லை, 2004-இலும் போடவில்லை. கல்லூரியில் அரசியலமைப்புச் சட்டத்தைத் தாளாகவே படித்துப் பரீட்சை எழுதியவள், பட்டியலில் பெயர் இல்லாமல் ஐந்தாறு வருடம் இருந்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த பிறகு, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும்போது மாமனார் இதையும் சேர்த்து எழுதிக்கொடுத்தார். 2006-இல் போட்டேன். ஒருவர் உட்காரவைத்து எழுதிக்கொடுத்ததால் நடந்தது, அவ்வளவுதான்.

இப்போது சட்டம் நல்லபடியாக மாறியிருக்கிறது. பெற்றோரில் பலருக்கும் ஆசிரியர்களில் சிலருக்கும்கூட இது இன்னும் தெரியவில்லை. 2021-இல் கொண்டுவந்த திருத்தம் 2022 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தகுதி நாள் வருடத்துக்கு ஒன்று இல்லை, நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பதினேழு முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். பதினெட்டு நிரம்பியதும் அடுத்து வரும் தகுதி நாளை வைத்துப் பெயர் ஏறும். ஜனவரி 12-இல் பிறந்த பையனுக்கு இனி ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

பதினேழு என்றால் அது பிளஸ் டூ. இதைத்தான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓர் ஊரின் பதினேழு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரே அறையில், கையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு, சொன்னால் கேட்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு வருடம்தான். அப்புறம் கிடைக்க மாட்டார்கள். ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவான், ஒருத்தி நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போவாள், சிலர் கேரளாவுக்கு வேலைக்கு. சில பெண் பிள்ளைகளுக்கு அடுத்த தை மாதமே கல்யாணம் பேசிவிடுவார்கள். அந்தப் பிள்ளையின் பெயர் முதலில் பிறந்த ஊர்ப் பட்டியலில் இருந்தால், புகுந்த ஊருக்கு மாற்ற படிவம் 8 ஒன்று போதும். முதலிலேயே இல்லாவிட்டால், புது வீட்டில் யாராவது ஞாபகம் வைத்துச் செய்தால்தான் உண்டு, எனக்குச் செய்த மாதிரி.

பள்ளியில் சேர்க்காமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு 2024-ஐப் பாருங்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 1 முதல் 22 வரை. தேர்தல் தேதியை அறிவித்தது மார்ச் 16. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் மார்ச் 27. அந்த நாளோடு பட்டியலை மூடிவிடுவார்கள், அதற்குப் பத்து நாள் முன்னதாகவாவது மனு போயிருக்க வேண்டும். அதாவது அறிவிப்பு வந்த மறுநாளே கெடு முடிந்தது. தமிழகத்தில் சட்டமன்றத் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகின்றன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, ஊரெல்லாம் மைக் கட்டிய பிறகு ஓட்டைப் பற்றி நினைத்தால் கதவு அடைத்திருக்கும். அதனால் நான் ஜூலை, ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடுகிறேன். அப்போது பதினேழு முடியாதவர்களுக்கு அரையாண்டு விடுமுறைக்கு முன் இன்னொரு நாள்.

சரி, அந்த நாளில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

முந்தைய வாரமே சொல்லிவிடுவேன்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல், ஆதார் நகல், ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வீட்டில் அப்பா அம்மா யாருடையதாவது ஓட்டர் ஐடி. கடைசியில் சொன்னது முக்கியம். அந்த எண்ணைப் படிவத்தில் எழுதிவிட்டால் பிள்ளையின் பெயர் குடும்பத்தோடு ஒரே பாகத்தில் வரும். இல்லையென்றால் ஒரே தெருவில் இருந்துகொண்டு அம்மாவுக்கு ஒரு பூத், பிள்ளைக்கு ஒரு பூத் என்று ஆகிவிடும். கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் பத்துப் பத்துப் பேராக உட்காரவைத்து ஆணையத்தின் இணையதளத்தில் போடுவோம். போன் வைத்திருக்கும் பெற்றோர் ஆணையத்தின் செயலியில் வீட்டிலேயே போட்டுவிடுவதும் உண்டு.

முதல் முட்டுக்கட்டை இனிஷியல். படிவத்தில் பெயர் என்று ஒரு கட்டம், குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? மதிப்பெண் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக முன்னால். பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். இரண்டாவது கட்டத்தை விட்டுவிட்டு, சான்றிதழில் இருக்கும் பெயரை அப்படியே எழுதச் சொல்வேன். அப்பா பெயர் உறவினர் பெயர் என்ற இடத்தில் எப்படியும் வரத்தான் போகிறது.

இரண்டாவது, எனக்கு நிஜமாகவே வருத்தம் தருவது. ஆங்கிலத்தில் பெயரை அடித்தால் கணினி தானாகப் பக்கத்துக் கட்டத்தில் தமிழில் எழுதும். பிள்ளைகள் அதைப் பார்க்காமலே கீழே போய்விடுவார்கள். போன வருடம் முன்வரிசையில் கயல்விழி என்று ஒரு பிள்ளை. சான்றிதழில் அவள் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் ழகரத்துக்கு வெறும் எல் போட்டிருந்தார். திரையில் வந்தது 'காயல்விலி'. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், இது நான் இல்ல" என்றாள். ஒவ்வோர் எழுத்தாக அழித்து, ழகரம் எந்த விசையில் வரும் என்று தேடித்தேடி அடித்து, சரியாக வந்ததும் பக்கத்தில் இருந்தவளுக்குத் திருப்பிக் காட்டினாள். அன்றிலிருந்து எல்லோரையும் தமிழ்ப் பெயரை வாய்விட்டு வாசித்த பிறகுதான் அடுத்த பக்கம் போகவிடுகிறேன். ஒரு தடவை தமிலரசி என்று பட்டியலில் ஏறிவிட்டால், ஒவ்வொரு தேர்தலிலும் என் மாதிரி யாரோ ஒருவர் அதைச் சத்தமாக அப்படியே வாசிப்பார்.

கடைசியில் உறுதிமொழிப் பகுதி. நான் இந்தியக் குடிமகன், இந்த முகவரியில் குடியிருக்கிறேன், வேறெந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை என்று எழுதியிருக்கும். பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதை மட்டும் நானே நிறுத்தி வாசிப்பேன். உதவித்தொகைப் படிவம், வங்கிப் படிவம் எல்லாவற்றிலும் இதுவரை அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதில் பிள்ளை தன் பெயரில், தன் பொறுப்பில் சொல்கிறது. அந்த நேரத்தில் ஆய்வகம் அமைதியாகிவிடும். ஜனவரி 25 உறுதிமொழியின்போது அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

விடுதிப் பிள்ளைகள் எந்த ஊர் முகவரி கொடுப்பது என்று கேட்பார்கள். விடுதியிலும் பதியலாம், வீட்டிலும் பதியலாம், ஆனால் ஓரிடத்தில் மட்டும்தான். ஆறு மாதத்தில் விடுதியைக் காலி செய்யப்போகிற பிள்ளைக்கு வீட்டு முகவரிதான் நல்லது.

ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "ஒரு ஓட்டுக்கு எவ்வளவு டீச்சர் குடுப்பாங்க?" வகுப்பே சிரித்தது. நான் அவனைத் திட்டவில்லை. அவன் வீட்டில் கண்டதைத்தான் கேட்கிறான். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே.நகர், 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி என்று பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே தள்ளிவைத்த, ரத்து செய்த ஊர் நம்முடையது. கொடுப்பது மட்டுமில்லை, வாங்குவதும் குற்றம் என்று சொன்னேன். அதைவிட அவன் உற்றுக் கேட்டது இன்னொன்றை. காசு வாங்கிச் சாமி படத்தின்மேல் சத்தியம் செய்துவிட்ட காரணத்தாலேயே அவன் பாட்டி பிடிக்காதவருக்குப் போட்டாராம். யாருக்குப் போட்டோம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயம் வேறு. நான் கரும்பலகையில் இயந்திரத்தை வரைந்து காட்டினேன். பட்டனை அழுத்தியதும் சீட்டு கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரியும், பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும். அதில் உன் பெயரோ வரிசை எண்ணோ இருக்காது. பாட்டியிடம் போய்ச் சொல்வதாகச் சொன்னான்.

"ஒரு ஓட்டால என்ன டீச்சர் மாறிடும்" என்பதும் வருடா வருடம் வரும். அதற்கு நான் பெரிய தத்துவம் சொல்வதில்லை. 2021-இல் சென்னை தியாகராய நகர் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. 2016-இல் எங்களுக்குப் பக்கத்து ராதாபுரத்தில் 49. எங்கள் பிளஸ் டூவில் ஒரு பிரிவின் வருகைப்பதிவேட்டை எடுத்துக் காட்டி, "இதில் எத்தனை பேர்?" என்று கேட்பேன். எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.

வரலாறு டீச்சர் என்பதால் இன்னொன்றும் சொல்வேன். 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தெருவுக்கு வந்து அடிபட்டவர்கள், சிறைக்குப் போனவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். இரண்டு வருடம் கழித்து ஆட்சி மாறிய 1967 தேர்தல் வந்தபோது அவர்களில் பலருக்கு வயது பத்தொன்பது, இருபது. ஓட்டு இல்லை. வீடு வீடாகப் போய் மற்றவர்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்த பெ. சீனிவாசன் அந்தப் போராட்டத்தில் முன்நின்ற மாணவர் தலைவர். யார் ஜெயித்தது சரி, யார் தோற்றது சரி என்பது வகுப்பில் என் வேலை இல்லை; கட்சிப் பேச்சை உள்ளே விட மாட்டேன். அன்றைக்கு அத்தனை செய்த மாணவர்களுக்கு இல்லாத ஒன்று இன்றைக்கு உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்வேன்.

பெற்றோர் பக்கம் தயக்கம் உண்டு. "படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் இப்பவே?" என்பார்கள். ஆதார் நகலைக் கொடுத்தால் ரேஷனில் ஏதாவது வெட்டிவிடுவார்களோ என்று ஓர் அப்பா கேட்டார். அவரை உட்காரவைத்துப் படிவத்தையே வாசித்துக் காட்டினேன். ஆனால் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) வந்து, வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம் கொடுத்து, 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, ஊரில் எல்லோரும் தேடியது இந்தப் பிள்ளைகளைத்தான். பாகம் எண், வரிசை எண் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போனில் பழைய பட்டியலைத் திறந்து தாத்தா பெயரைக் கண்டுபிடித்து, தெருவுக்கே எழுதிக்கொடுத்தார்கள். பள்ளி விட்டதும் பையைக்கூட வைக்காமல் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளை நானே பார்த்தேன்.

மனு போட்டதோடு வேலை முடிவதில்லை. ஒப்புகை எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., வீட்டுக்கு வந்து விசாரிப்பார். எங்கள் பகுதிக்கு அங்கன்வாடி அக்கா ஒருவர்தான் பி.எல்.ஓ. அவரிடம் முன்னதாகவே பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிடுவேன். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்த் திரும்பி, மனு தள்ளுபடியாகிவிடக் கூடாதே.

ஒரு பையன். 2024 ஆகஸ்டில் எல்லோரும் முடித்துவிட்டுப் போன பிறகும் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தான். உறவினர் பெயர் கட்டம் காலியாக இருந்தது. "டீச்சர், அப்பா பேருதான் போடணுமா?" என்றான். அப்பா வீட்டை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அம்மா பீடி சுற்றுகிறார். "இல்லப்பா, அங்கேயே தாய்னு இருக்கு பாரு" என்று சொன்னேன். அம்மாவின் பெயரை அடித்தான். தமிழில் சரியாக வந்திருக்கிறதா என்று நான் சொல்லாமலே வாசித்துப் பார்த்தான்.

இரண்டு வாரம் கழித்து அங்கன்வாடி அக்கா சொன்னார். அவர் போனபோது அந்த அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை நறுக்கிக்கொண்டிருந்தாராம். அரசாங்கத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் பையன் ஏதாவது தப்புச் செய்துவிட்டானோ என்று பதறிப்போயிருக்கிறார். அக்கா விவரத்தை வாசித்திருக்கிறார். பையன் பெயர், பிறந்த தேதி, உறவு தாய், தாய் பெயர் இன்னது. "எம் பேரா போட்டிருக்கான்?" என்று கேட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாராம்.

மறு வருடம் மதிப்பெண் சான்றிதழ் வாங்க வந்தபோது அட்டையைக் கொண்டுவந்து காட்டினான். தபாலில் வந்த உறையைக்கூடக் கிழியாமல் வைத்திருந்தான். என் பெயருக்குக் கீழே பாருங்கள் என்று விரலை வைத்துக் காட்டினான். "சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும் டீச்சர். அம்மா பீடி அட்டை வைக்கிற டப்பாவுல இதையும் வச்சிருக்கு, எங்கேயும் தொலைச்சிட்டு வந்துராதேன்னு சொல்லித்தான் குடுத்துச்சு" என்றான்.